பேகனை யார் படம் எடுப்பார்கள்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிமெண்ட், கம்பி என்று பிழைக்கிறவனைக் கூப்பிட்டு, இலக்கியமும் சினிமாவும் பற்றிப் பேசு என்கிறார்கள். தமிழ்த்துறை ஐயாக்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். படம் பார்க்காத சிவில் எஞ்சினியர் கிடையாது என்ற ஒரே தகுதியில்தான் இங்கே நிற்கிறேன்.

பழைய கதையைப் படம் எடுத்தால் கெடுத்துவிடுகிறார்கள் என்று ஒரு குறை எப்போதும் உண்டு. பந்துலு எடுத்த 'கர்ணன்' 1964இல் வந்தது. 2012இல் டிஜிட்டலில் புதுப்பித்துத் திரும்ப வெளியிட்டபோது ஹாஸ்டலில் இருந்து ஒரு கும்பலாகப் போய்ப் பார்த்தோம். அதில் துரியோதனன் மனைவியும் கர்ணனும் சொக்கட்டான் ஆடும் கட்டம் ஞாபகம் இருக்கிறதா? முத்து அறுந்து சிதற, உள்ளே வந்த துரியோதனன் கொஞ்சம்கூடச் சந்தேகப்படாமல், பொறுக்கித் தரட்டுமா, கோத்துத் தரட்டுமா என்று கேட்பான். தியேட்டரே கை தட்டியது. வியாசர் பாரதத்தில் இந்தச் சம்பவம் கிடையாது. வில்லிபுத்தூரார் பாரதத்தில், குந்தியிடம் கர்ணனே சொல்வதாக வருகிறது. ஆக, கதையை மாற்றும் வேலையைச் சினிமாவுக்குப் பல நூறு வருஷம் முன்னாலேயே நம் புலவர்கள் தொடங்கிவிட்டார்கள். மாற்றுவது குற்றம் இல்லை. எதை மாற்றுகிறோம் என்பதுதான் கேள்வி.

எங்கள் தொழிலில் ஒரு பழைய வீட்டைப் புதுப்பிக்கக் கூப்பிட்டால், பாரம் தாங்குகிற சுவர் எது, வெறும் தடுப்புச் சுவர் எது என்றுதான் முதலில் பார்ப்போம். தடுப்பை இடித்து ஹாலைப் பெரிசாக்கலாம். பாரம் தாங்குகிற சுவரில் கை வைத்தால் கூரை தலையில் வந்து உட்காரும்.

மணிரத்னத்தின் 'தளபதி'யை (1991) இந்தக் கணக்கில் பாருங்கள். ஆற்றில் விட்ட பேழை கூட்ஸ் வண்டி ஆகிவிட்டது. சூரிய பகவான் வெறும் காலை வெளிச்சம் ஆகிவிட்டார். எல்லாம் தடுப்புச் சுவர், போனால் போகட்டும். பெற்றவள் எதிரே வந்து நின்ற பிறகும் சோறு போட்ட நண்பனை விடாத மகன் இருக்கிறானே, அவன்தான் பாரம் தாங்குகிற சுவர். அதைத் தொடவில்லை, வீடு நிற்கிறது. எனக்கு ஒரே ஒரு மனக்குறை. முடிவில் நண்பன் சாகிறான், சூர்யா பிழைத்துக்கொள்கிறான். கர்ணன் பிழைத்துவிட்டால் செஞ்சோற்றுக் கடன் எப்படி ஐயா தீரும்? ரஜினி ரசிகர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், நானும் உங்கள் கட்சிதான்.

கண்ணகிக்கு வருவோம். 1942இல் கண்ணாம்பா நடித்த 'கண்ணகி', 1964இல் விஜயகுமாரி நடித்த 'பூம்புகார்'. முன்னதற்கு இளங்கோவன் வசனம், பின்னதற்குக் கலைஞர் வசனம். இரண்டும் நிற்கிற படங்கள். ஆனால் அவற்றின் பலம் காரணமாகவே, சிலப்பதிகாரம் என்றால் அவிழ்ந்த கூந்தலும் கையில் சிலம்பும் பாண்டியன் சபையும் மட்டும்தான் என்று நம் மனசில் பதிந்துவிட்டது. முப்பது காதைகளில் வழக்குரை காதை ஒன்றே ஒன்று. மதுரை எரிந்த பிறகு, மலைமேல் வேங்கை மரத்தடியில் நின்ற அவளை முதலில் பார்த்தவர்கள் குன்றக் குறவர்கள். அங்கிருந்துதான் வஞ்சிக் காண்டமே ஆரம்பிக்கிறது. அந்த மலைச்சனங்களின் முகம் யாருக்காவது நினைவில் இருக்கிறதா? திரையில் ஒன்று பெரிதாகும்போது பக்கத்தில் இருப்பது மங்கிவிடுகிறது.

மலை என்றதும் எங்கள் ஊர் வந்துவிடுகிறது. நான் கன்னிவாடிக்காரன். ஊருக்குப் பின்னால் ஆடலூர், பன்றிமலை என்று ஏறிக்கொண்டே போகும் பழனி மலைத்தொடர். சங்க காலத்தில் பழனிக்குப் பொதினி என்று பெயர். அது ஆவியர் குடிக்குச் சொந்தம். அந்தக் குடியில் வந்தவன்தான் வையாவிக் கோப்பெரும் பேகன். மயிலுக்குப் போர்வை கொடுத்தானே, அவனேதான். அந்தக் கதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அவன் மனைவியைத் தெரியுமா? அவள் பெயரும் கண்ணகிதான். பேகன் அவளை விட்டுவிட்டு வேறொரு பெண்ணிடம் போய் இருந்துவிட்டான். புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டும் அவளுக்காகவே பாடியவை. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நான்கு பேர். பாட்டின் கீழே உள்ள குறிப்பில்தான் அவள் பெயரே கிடைக்கிறது.

அந்தப் பாட்டுகளை எடுத்துப் படியுங்கள், ஒவ்வொன்றும் ஒரு ஸீன். நீ யாரம்மா, பேகனுக்கு உறவா என்று கேட்டால், விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உறவில்லை என்கிறாள் ஒருத்தி. நேற்று மழை சொட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியாக நின்று அழுதாள் என்று இன்னொரு பாட்டு. பரணர் வந்து, எனக்குப் பசியும் இல்லை, காப்பாற்ற வேண்டிய சுற்றமும் இல்லை, இன்று ராத்திரியே தேர் ஏறி அவளிடம் போ, அதுதான் நான் கேட்கும் பரிசில் என்கிறார். அரிசில்கிழார் நகையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அதையே கேட்கிறார். வாங்கித் தின்று வாழ்கிற புலவர்கள், படியளக்கிற ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள்!

மயிலின் குளிர் தெரிந்தவனுக்கு வீட்டுக்காரியின் குளிர் தெரியவில்லை. பேகன் கதையில் பாரம் தாங்குகிற சுவர் இதுதான். அதை இடித்துவிட்டு மயிலை மட்டும் படம் போட்டு வைத்திருக்கிறோம். இதற்குச் சினிமாக்காரர்களைக் குறை சொல்ல முடியாது. பாடப் புத்தகமே முந்திக்கொண்டது.

இதைப் படமாக எடுக்கப் பெரிய கோட்டை செட், ஆயிரம் குதிரை எதுவும் வேண்டியதில்லை. ஒரு வீட்டு வாசல், மழை, யாழோடு வருகிற நாலு பேர் போதும். லொகேஷனுக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வாருங்கள், ஐப்பசியில் மேகம் தானாகவே வந்து நிற்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பேகன் தேர் ஏறினானா, வீடு திரும்பினானா என்று எந்தப் பாட்டும் சொல்லவில்லை. எடுப்பவர் அதை நிரப்பித்தான் ஆகவேண்டும். நான் எடுத்தால் தேரைக் காட்டவே மாட்டேன். கேமராவை அவள் வாசலிலேயே வைத்துவிடுவேன். தூரத்தில் ஒரு தேர்ச் சத்தம் கேட்கும். அது வருகிற சத்தமா, தாண்டிப் போகிற சத்தமா என்பதை நம் கல்லூரியில் இருந்து டைரக்டராகப் போகிற தம்பியோ தங்கையோ முடிவு செய்துகொள்ளட்டும்.