கம்ப்யூட்டர் போட்ட கணக்கு: டர்போ காரில் பவர் ஏன் ஏறுவதில்லை?

(நமது சங்கக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் நம் தெருத் தம்பி ஒருவர் வந்தார். தன் டர்போ காருக்குப் புது ஏர் ஃபில்டரும் பெரிய சைலன்ஸரும் மாட்டியிருக்கிறார். "அங்கிள், சத்தம்தான் கூடியிருக்கு, இழுவை கூடலையே!" என்றார். அடுத்து ஆன்லைனில் 'டியூனிங் பாக்ஸ்' வாங்கப் போகிறாராம். அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

பழைய கார்களில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் காற்றுக் கதவு நேராகத் திறக்கும். இன்றைய காரில் நம் மிதி வெறும் விண்ணப்பம்தான். இ.சி.யு. என்னும் இன்ஜின் கம்ப்யூட்டர் அதை வாங்கி, கியர்பாக்ஸ் தாங்கும் அளவு, டர்போ அழுத்தம், புகையின் வெப்பம், நாக்கிங் என்று ஒவ்வொரு வரம்பையும் பார்க்கும். எது சிறியதோ அந்த அளவுக்குத்தான் இழுவை கொடுக்கும். புது ஃபில்டரால் காற்று தாராளமாக வந்தாலும், வேஸ்ட்கேட்டைத் திறந்தோ த்ராட்டிலைக் குறைத்தோ பழைய கணக்குக்கே கொண்டுவந்துவிடும்.

ஓர் உதாரணம். 2017-ல் வந்த மாருதி பலேனோ ஆர்.எஸ். காரின் 1 லிட்டர் பூஸ்டர்ஜெட் இன்ஜினுக்கு இங்கே 102 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர். ஐரோப்பாவில் அதே குடும்ப இன்ஜினுக்கு 111 குதிரைத்திறன், 170 நியூட்டன் மீட்டர். அங்கேயே ஆட்டோமேட்டிக் என்றால் 160தான். ஊருக்கும் கியர்பாக்ஸுக்கும் தக்கபடி கணக்கு மாறுகிறது.

100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால்? நாக்கிங்கால் இழந்த பவர் திரும்பலாம். எழுதிவைத்த வரம்பைத் தாண்டாது.

டியூனிங் பாக்ஸ், அழுத்தம் குறைவாக இருப்பதாகக் கம்ப்யூட்டரிடம் பொய் சொல்கிறது. அதை நம்பி டர்போ கூடுதலாக ஊதும். மே மாத வெயிலில், குமணன்சாவடி நெரிசலில் நின்று சூடேறிய இன்ஜினில் நாக்கிங் வரும். உடனே கம்ப்யூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும். ஏறிய பவர் இறங்கும். கணக்கு ஒத்துவராவிட்டால் 'லிம்ப் மோடு'தான். பின்னால் லாரி வரும்போது, குடும்பத்தோடு போகும் கார் திடீரென்று ஊர ஆரம்பித்தால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டரின் மேப்பையே மாற்றினால் பவர் ஏறும், மறுக்கவில்லை. ஆனால் வெயில், மட்டமான பெட்ரோல், வண்டியின் வயது எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர் விட்டுவைத்த இடைவெளியைத்தான் நாம் செலவழிக்கிறோம். க்ளட்ச், டர்போ, பிஸ்டன் தேய்ந்தால் செலவு நம் தலையில், வாரன்டியும் கேள்விக்குறி. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது.

ஆகவே, பாக்ஸ் வாங்குமுன் வண்டிக்கு உரிய பவர் முழுதாக வருகிறதா என்று பாருங்கள். ஸ்பார்க் ப்ளக், டர்போ ஹோஸ், இன்டர்கூலர், டயர் காற்று எல்லாம் சோதியுங்கள். வேக ஆசைக்கு இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் ட்ராக் இருக்கிறது. நம் ரோடு வேண்டாம்.

தம்பி பாக்ஸ் வாங்கவில்லை. மெக்கானிக் பார்த்தபோது, ஃபில்டர் மாட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே டர்போ ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருந்தது. முடுக்கியதும் பழைய இழுவை வந்துவிட்டது.