ஏரியும் ஏடும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில், பறவைகளை எண்ணுவது பற்றியும் மரஞ்செடிகளைக் குறித்து வைப்பது பற்றியும் பேச வந்துள்ளோம். "வயிற்றுப்பாட்டுக்கே வழி தேடும் நமக்கு இது எதற்கு?" என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

நமக்குக் குளம் என்பது வெறும் நீர்நிலை அன்று. 1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் மகாத் நகரின் சவதார் குளத்து நீரை அள்ளிப் பருகி, பொதுக்குளத்தில் நமக்குள்ள உரிமையை நிலைநாட்டினார். தொடும் உரிமைக்காகப் போராடியவர்களின் வழிவந்த நாம், அந்நீர்நிலைகளைக் காக்கும் பொறுப்பையும் ஏற்பதுதானே முறை?

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சனவரித் திங்களில் நம் பள்ளி மாணவர்களுடன் ஏரிக்கரைக்குச் சென்றோம். மதகின் அருகே மண் நிறப் பறவை ஒன்று நின்றது. பறந்தபோது சிறகு வெள்ளையாய் விரிந்தது. கையிலிருந்த நூலைப் புரட்டிப் புரட்டித் தேடினோம். புல் அறுத்துக் கொண்டிருந்த நம் தெருவின் மூதாட்டி ஒருவர் சிரித்தார். "ஐயா, அது மடையான். குந்தியிருந்தா மண்ணு, பறந்தா வெள்ள" என்றார். நத்தைகுத்தி நாரை எப்போது வரும், எந்த ஆண்டு நீர் வற்றிக் கூடு கட்டாமல் போயிற்று, கோரை எப்பக்கம் அழிந்தது என அடுக்கிக் கொண்டே போனார். அவருக்குக் கையெழுத்திடத் தெரியாது. பட்டம் பெற்ற நாம் நாணித் தலை குனிந்தோம். அவர் கூறியவற்றை ஒரு மாணவி அப்படியே ஏட்டில் எழுதிக் கொண்டாள்.

அன்றே இன்னொன்றும் நிகழ்ந்தது. வழியே வந்த ஒருவர், "உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்று அதட்டினார். மாணவன் ஒருவன் ஏட்டை நீட்டி, "பறவைகளை எண்ணுகிறோம் ஐயா" என்றான். நாள், நேரம், இடம், பெயர், எண்ணிக்கை எனக் கோடிட்டு எழுதிய பக்கத்தை அவர் சற்று நேரம் பார்த்தார். மறுமொழி கூறாமல் சென்றார். ஏட்டின் வலிமையை அன்று நம் மாணவர்கள் உணர்ந்தனர்.

நம்மவரிடம் அறிவு இருந்தது. அதை எழுதி வைக்கும் வாய்ப்புத்தான் மறுக்கப்பட்டது. இன்று அதற்கு வழி உண்டு. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைய வேண்டும் என்கிறது. ஊரின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்கள் அறிவையும் பதிவேட்டில் எழுதுவது அக்குழுவின் தலையாய பணி. 2004-இல் வகுக்கப்பட்ட விதிகள், நியமன உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மகளிராகவும், 18 விழுக்காட்டுக்குக் குறையாதோர் பட்டியல் சாதியினர், பழங்குடியினராகவும் இருத்தல் வேண்டும் எனக் கூறின. நம் ஊரில் அக்குழு உள்ளதா, அதில் நம்மவர் யார் என்று கிராம சபையில் கேளுங்கள். கேட்பவன் கையில் ஓர் ஏடு இருப்பின் அவன் சொல்லுக்கு எடை கூடும்.

எளிய மக்கள் கேட்டுப் பெற்றதற்குச் சான்று வேடந்தாங்கல். வேட்டையாடுவோரால் பறவைகள் மடிவதைக் கண்ட உழவர்கள் முறையிட்டதன் பேரில், 1798-இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் காப்பு ஆணை வழங்கினார். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவ்வுழவர்கள் கண்டறிந்திருந்தனர். அவ்வேரி 2022-இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது.

இளைஞர்களே, செய்முறை எளிது. 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தன்னார்வலர்களால் நடைபெறுகிறது, அதில் சேரலாம். ஒரே இடத்தில், ஒரே வேளையில், குறைந்தது 15 நிமிடம் நின்று நோக்குங்கள். பெருங்கூட்டமாயின் பத்துப் பத்தாக எண்ணுங்கள். தெரியாத பறவையைத் "தெரியவில்லை" என்றே எழுதுங்கள். ஒன்றும் வரவில்லையெனில் சுழியம் எழுதுங்கள். அதுவும் ஒரு செய்தியே. கூட்டை நெருங்காதீர்கள். வேம்பும் புங்கும் இலுப்பையும் பூக்கும் நாளைக் குறியுங்கள். ஆகாயத்தாமரையும் சீமைக் கருவேலும் எவ்வளவு பரவின என்பதை ஆண்டுதோறும் அளந்து வையுங்கள். ஓராண்டுக் கணக்கு பெரிதாய் எதையும் சொல்லாது. பத்தாண்டுக் கணக்கை எவரும் எளிதில் தள்ள முடியாது.

சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் இவ்வேடுகளுக்கென ஓர் அலமாரி ஒதுக்குங்கள். நாம் முதல் ஏட்டை இன்று ஒப்படைக்கிறோம். முதற்பக்கத்தில் அம்மூதாட்டியின் சொற்கள் உள்ளன. பொன்விழாவின்போது அதனருகில் இருபத்தைந்து ஏடுகள் நிற்க வேண்டும்.