நொண்டியின் காரணத்தை எழுதி வைப்போம்

(புதுச்சேரி நகரில் கூடிய அண்டை வட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களிடையே வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



உலகில் பல தேசங்களில் நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டி நடைபெறுகிறது. ஒரே நாளில் 160 கிலோமீட்டர் வரை குதிரை செல்ல வேண்டும். சுமார் 40 கிலோமீட்டருக்குள் முடியும் ஒவ்வொரு கட்டத்திலும் கால்நடை மருத்துவர் அதன் நாடித் துடிப்பை எண்ணுகிறார். மெதுவாக ஓடவிட்டு நடையைக் கவனிக்கிறார். கால் சாய்க்கும் குதிரை விலக்கப்படும். விலக்கியதோடு நில்லாமல், நடைக் கோளாறா, உடற்சோர்வா என்று பிரித்துப் பதிவும் செய்கிறார்கள். பல நாட்டுப் பதிவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, விலக்கத்திற்கு முதற்காரணம் நொண்டுதலே என்பது புலனாயிற்று.

பந்தயக் குதிரைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். டிராக்டர் பெருகிய இந்நாளிலும் உழவு மாட்டையும் கறவைப் பசுவையும் நம்பி வாழும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. அம்மாடு நொண்டினால் அடுப்பு அணைகிறது.

நம் வட்டாரத்துக் கிராமம் ஒன்றில் ஒரு மழைக்காலத்தில் நான்கு மாடுகள் அடுத்தடுத்து நொண்டின. அவரவர் தனித்தனியே வைத்தியம் பார்த்தனர். முதியவர் ஒருவர் தம் எருதை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டார். பின்னர் விசாரித்தபோது, நான்கும் ஒரே ஏரிப்பாதையில் சென்ற மாடுகள் என்று தெரிந்தது. அப்பாதையில் கூர்ங்கல் ஜல்லியைப் பரப்பி, மண் மூடாமல் விட்டவர்கள் நாமே. முதல் மாட்டின் குளம்பில் கல் குத்தியதை எவரேனும் எழுதி வைத்திருந்தால், மற்ற மூன்றும் தப்பியிருக்கும். அந்த எருதை நம்மால் திருப்பித் தர இயலவில்லை.

நொண்டி என்பது அறிகுறி, காரணமன்று. முள், ஆணி, லாடக் கோளாறு ஆகியவை ஒரு காலைப் பற்றும். பல மாடுகள் ஒருங்கே நொண்டி, வாயில் நுரை தள்ளி, குளம்பிடுக்கில் கொப்புளம் கண்டால் கோமாரி என ஐயுற வேண்டும். நல்ல நிலையிலிருந்த இளங்கன்று திடீரென நொண்டி, தொடை வீங்கி, அமுக்கினால் நறநறவென ஒலித்தால் சப்பை நோயாக இருக்கலாம். அப்போது ஒரு நாள் தாமதமும் உயிரைப் போக்கும். உடனே மருத்துவரை அழையுங்கள்.

ஆகவே, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். தேதி, மாட்டின் காதுவில்லை எண், எந்தக் கால், எந்த வழியில் சென்றது, கடைசித் தடுப்பூசி எப்போது, மருத்துவர் கண்ட காரணம் என்ன என்பவற்றை எழுதுவோம். 2019ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ்க் கோமாரித் தடுப்பூசி போடப்படும் மாடுகளுக்கு 12 இலக்க எண் கொண்ட காதுவில்லை உண்டு. ஆதலால் அடையாளம் தவறாது. காரணம் தெரியாவிடில் ஊகித்து எழுதாமல், 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள்.

இந்நகரை அடுத்த குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி உள்ளது. அங்கோ, உங்கள் ஊர் மருந்தகத்திற்கோ மாட்டை ஓட்டிச் செல்கையில் இக்குறிப்பு கையிலிருந்தால், மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

மாதந்தோறும் கூட்டத்தில் அப்புத்தகத்தைப் படியுங்கள். ஒரே பாதையின் பெயர் இருமுறை வந்தால், மூன்றாவது மாடு நொண்டும்வரை காத்திராமல் அப்பாதையைச் சீர்செய்யுங்கள். எங்கள் அலுவலகம் செய்த வேலையே காரணமாயின், அதையும் தயங்காது எழுதுங்கள்.