அயலார் செய்த உபகாரம்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



வள்ளுவப் பெருமான் விருந்தோம்பலை 9ஆம் அதிகாரமாகவும், இனியவை கூறலை 10ஆம் அதிகாரமாகவும், செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரமாகவும் வைத்தார். ஒருவரை வீட்டில் ஏற்பதற்கும், ஏற்கப்பட்டவர் அதனை நினைந்திருப்பதற்கும் நடுவே இன்சொல் நிற்கின்றது. இம்முறைவைப்பின் பொருளை யாழ்ப்பாணத்தவராகிய நாம் ஏட்டில் மட்டுமன்றி வாழ்விலும் கண்டோம்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுவாசல் விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டனர். நாவற்குழி வழியே அன்றிரவு நெருங்கிய கூட்டத்தைப்பற்றி இங்குள்ள முதியோருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. சாவகச்சேரி, மீசாலை, மட்டுவில், கொடிகாமம் ஆகிய ஊர்களிலே பாடசாலைகளும் கோயில்களும் நிறைந்தன, வீடுகளும் திறந்தன. விறாந்தையில் ஒரு குடும்பம், குசினிப் பத்தியில் இன்னொரு குடும்பம், முற்றத்து மாமரத்தின் கீழ்க் கிடுகு சாய்த்து மற்றொரு குடும்பம். அரிசி கொடுத்ததைப் பலரும் புகழ்வர். கிணற்றைக் கொடுத்ததே அதனினும் பெரிது என்பது எமது எண்ணம். அரிசி ஒருநாளைக் கொடை; கிணறும் மலசலகூடமும் விடியுந்தோறும் பொறுமையோடு கொடுக்கவேண்டிய கொடை. அறிமுகமற்றவரோடு வாளிக்கு முறை பார்த்து நிற்பது, அதுவும் தன் சொந்தக் கிணற்றடியில், இலேசான காரியமா?

1996ஆம் ஆண்டு ஏப்ரலில் பெரும்பாலானோர் ஊர் திரும்பலாயினர். பின்னர் நல்லநாள் பெருநாளில் அவ்வீடுகளுக்குப் போய்வந்தவர் உளர். சந்தையிலே கண்டும் காணாதவர்போல் ஒதுங்கியவரும் உளர்.

ஒதுங்கியவரை நன்றிகெட்டவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் மாற்றுடையின்றி நின்ற கோலத்தைக் கண்டவர் முகத்தில் மறுபடி விழிக்கக் கூசுகின்ற மனமும் உண்டு. உதவினவர் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். "எங்கடை வீட்டிலைதானே ஆறுமாதம் கிடந்தவை" என்று ஒழுங்கை முழுதும் சொல்லித் திரிந்தவர் இல்லையா? "இருந்தவை" என்றிருந்தால் உறவாகியிருக்கும். "கிடந்தவை" என்ற ஒரு சொல் ஆறுமாதத்துத் தண்ணீரையும் உப்பாக்கிவிட்டது.

எனினும் கூச்சம் கடனைத் தீர்த்துவிடாது. 2000ஆம் ஆண்டிலே தென்மராட்சி மக்களும் போரினால் இடம்பெயர நேர்ந்தது. ஏற்றவர் ஏதிலிகளாய் நடந்தனர். அந்நாளில் தமக்கு எவர் படலை திறந்தது, எவர் படலை மூடியிருந்தது என்பதை அவர்கள் அறிவர். முகந் திருப்பியவரால் நோவது உதவினவர் நெஞ்சு மாத்திரமன்று. "முந்தியும் செய்தோம், என்ன கண்டோம்?" என்று ஒரு வீட்டார் கதவைச் சாத்தினால், வெளியே நிற்பவர் யாரோ ஒரு புதியவர், எக்குற்றமும் அறியாதவர். நன்றி மறந்தவருடைய கடனை அவரே இறுக்கின்றார்.

இச்சபையில் இருக்கும் இளைஞர் பலர் அந்நாளிலே பிறக்கவில்லை. அன்று இடங் கொடுத்தவரிற் பலர் இன்று உயிரோடில்லை. சிலர் பிள்ளைகளோடு கடல் கடந்து போயினர். உங்கள் தாய் தந்தையர் தங்கிய வீடு எதுவென்று இன்றிரவே கேளுங்கள். கண்டி வீதியாற் போகும்போது அப்படலையில் ஒருமுறை இறங்கி, இன்னாருடைய பிள்ளை வந்திருக்கின்றேன் என்று சொல்லுங்கள். கையிலே எதுவும் கொண்டுபோக வேண்டியதில்லை.