நம்மவர் செய்யும் அநீதி

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமுதாயத்திலே பகைமையும் வன்செயலும் அதிகாரத் துர்ப்பிரயோகமும் தலையெடுக்கும்போது இந்து வாலிபன் செய்யவேண்டியது யாது என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றார்கள். பெரிய பொருள், அரைமணி நேரத்துள் அடங்காது. ஆகையால் அதன் ஒரு பக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொள்ள நினைக்கின்றேன். பிறர் நமக்குச் செய்யும் அநீதியை எதிர்த்துப் பேச நமக்கு ஒருவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. 1958 ஆம் ஆண்டையும் 1983 ஆம் ஆண்டையும், 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதையும் நாம் பேசியிருக்கின்றோம், இன்னும் பேசுவோம், பேசவும் வேண்டும். ஆனால், அநீதி செய்பவர் நம்மவராய் இருக்கும்போது நமது நா ஏன் எழுவதில்லை? இதுவே இன்று நான் கேட்க வந்த கேள்வி.

அதிகாரத்துக்கு அஞ்சாமை என்றதும் நம் மேடைகளிலே அப்பரடிகளையே எடுத்துக் காட்டுவார்கள். பல்லவ மன்னன் ஆணையை மறுத்தார், நீற்றறையில் இடப்பட்டார், கல்லிலே கட்டிக் கடலில் எறியப்பட்டார். உண்மைதான். ஆயினும் அந்த மன்னன் அப்போது புறச்சமயத்தான். கேட்கும் நமக்கு அவன்மேல் கோபம் வருவது எளிது. பெரியபுராணத்தின் தொடக்கத்திலே சேக்கிழார் வேறொரு வரலாற்றை வைத்திருக்கின்றார். மனுநீதிகண்ட சோழன் வரலாறு. அரசகுமாரனின் தேர்க்காலில் கன்று மடிகிறது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைக்கிறது. மந்திரிகள் பிராயச்சித்தம் ஒன்றைக் காட்டி, அதனோடு விட்டுவிடலாம் என்கிறார்கள். பிறர் மகன் உயிர்க்கொலை செய்திருந்தால் இப்படி விட்டிருப்பேனா என்று அரசன் கேட்கிறான். அதற்குப் பின்னும் மந்திரிகள் பழைய மரபையே காட்டுகிறார்கள். சிறு வகுப்பிலே இந்தக் கதையைப் படிக்கும்போது எல்லோரும் தேரையும் மணியையும் நினைவில் வைத்துக்கொள்கிறோம், மந்திரிகளை மறந்துவிடுகிறோம். நம் ஊர்களில் இன்றும் அந்த மந்திரிகள் அநேகர்.

நாவலர் பெருமானுக்கு வருவோம். 1877 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்திலே பஞ்சமும் கொள்ளை நோயும் சேர்ந்து வந்தன. நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார். அதனோடு நில்லாமல், சனங்களின் துன்பத்தைக் கவனியாத அரசாங்க அதிபர் துவைனந்துரையைக் கண்டித்து எழுதினார். வெள்ளைக்காரத் துரைக்கு முன் தலை நிமிர்ந்து பேசுவது அந்நாளிலே சிறிய காரியமன்று. நாம் அதைப் போற்றுகிறோம். அதே நாவலர் சாதி ஆசாரத்தைத் தளரவிட இசையவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதனால் அவர் பெருமை குறைந்துவிடாது. ஒரு மனிதர் ஒரு திசையிலே கண்ட அநீதியை மற்றொரு திசையிலே காணாதிருக்கலாம். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்வது பின்வந்தோர் கடன்.

அப்படித் தொடர்ந்தவர்களும் இருந்தார்கள். அவர்களும் உங்களைப்போன்ற வாலிபர்களே. 1924 இல் தோன்றிய யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. ஹன்டி பேரின்பநாயகமும் அவர் நண்பர்களும் தீண்டாமையை எதிர்த்துத் தீர்மானித்தார்கள். 1927 இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்து வந்தார்கள். ஏறக்குறைய அந்தக் காலத்திலேதான் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளையும் சமாசனத்தில் இருத்தவேண்டும் என்ற ஏற்பாடு வந்தது. அதற்கு நம் சமூகம் கொடுத்த மறுமொழி என்ன தெரியுமா? சில பாடசாலைகளுக்கு நெருப்பு வைத்தது. நூலகத்தை எரித்தவர்களைப்பற்றிப் பேசும்போது இந்த நெருப்பையும் நினைக்கத்தான் வேண்டும்.

தேநீர்க்கடையிலே சிலருக்குக் கிளாசிலும் சிலருக்குத் தகரப் பேணியிலும் போத்தலிலும் தேநீர் கொடுத்த காலம் வெகு தூரத்திலில்லை. இங்கே அமர்ந்திருக்கும் பெரியோர்களுக்கு அது தெரியும். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1950களிலே நல்லூர் முதலிய சில கோயில்களின் கதவுகள் எல்லோருக்கும் திறந்தன. மற்றவை திறக்கவில்லை. சட்டம் ஏட்டிலே கிடந்தது. 1966 ஒக்டோபர் 21 இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டவர்கள்மேல் பொலிசாரின் தடி விழுந்தது. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தோன்றியது. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே சென்று முருகனைக் கும்பிட விடுங்கள் என்று கேட்டு அவர்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் கேட்டது பதவியுமன்று, காணியுமன்று. வழிமறித்து நின்றவர்களின் முன்னணியிலே நின்றவர் சி. சுந்தரலிங்கம். ஒக்ஸ்போட்டிலே படித்தவர், கணிதப் பேராசிரியர், முன்னாள் மந்திரி. அவர்மேல் 1957 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடரப்பட்டது. படிப்பு வந்தால் பேதம் போய்விடும் என்று எண்ணுவோர் இதைச் சற்றே சிந்திப்பார்களாக.

என் மனத்தை உறுத்துவது அவர் செயலன்று; அவர் தம் கருத்தை ஒளிக்கவில்லை. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்பதே என் கேள்வி. ஆண்டுதோறும் திருநாளைப்போவார் குருபூசை நடத்தி, நந்தி விலகியதைக் கேட்டுக் கண்ணீர் விட்ட சைவ சபைகளிலே எத்தனை அந்த வாயிலுக்குப் போயின? நாத்திகர் என்று நாம் ஏசிய இடதுசாரிகள் போய் நின்றார்கள். கும்பிடுவதற்கு ஒருவனுக்கு உள்ள உரிமையை, கும்பிடாதவர்கள் வந்து காக்கவேண்டியதாயிற்று! என். கே. ரகுநாதன் எழுதிய ‘நிலவிலே பேசுவோம்’ என்ற சிறுகதையைப் பலர் படித்திருப்பீர்கள். சீர்திருத்தம் பேசும் பெரிய மனிதரைக் காணத் தாழ்த்தப்பட்ட சிலர் வீட்டுக்கு வருகிறார்கள். அவர் முகம் கோணவில்லை, கடிந்து பேசவில்லை, நல்ல நிலவு, வெளியே போய் இருந்து பேசலாமே என்கிறார். அவர்கள் வீட்டுக்குள்ளே வராதபடி அவருக்கு நிலவு உதவிற்று. நம்மிலே அநேகர் இந்த ரகத்தினர் என்பது என் எண்ணம்.

இனி இன்னொன்று. 1956 இல் சிங்களம் மாத்திரம் சட்டம் வந்தபோது பாராளுமன்றத்திலே கொல்வின் ஆர். டி சில்வா அதை எதிர்த்துப் பேசினார். இப்படிப் போனால் ஒரு நாடு இரண்டாகும் என்று எச்சரித்தார். 1983 இல் தமிழரைத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்கள் உண்டு. இவர்களை நாம் நன்றியோடு நினைக்கிறோம். எதற்காக? தம்மவர் பிழை செய்தபோது தம்மவருக்கு எதிராக நின்றதற்காக. அதே காரியத்தை ஒரு தமிழர் செய்தால் அவருக்கு நாம் சூட்டிய பெயர் என்ன? துரோகி. டொக்டர் ராஜினி திராணகம யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே உடற்கூற்றியற் பகுதித் தலைவராயிருந்தவர். அரசபடை, இந்தியப்படை, நம் இயக்கங்கள் என்ற வேறுபாடு பாராமல், கொடுமை செய்தவர் எவரெனினும் அதை எழுதினார்; ‘முறிந்த பனை’ என்ற நூலை எழுதிய நால்வரில் ஒருவர். 1989 செப்ரெம்பர் 21 இல், பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பும் வழியிலே சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த ஆண்டு ஒக்டோபரிலே விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்துச் சோனகதெரு மக்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணி நேரமே. தலைமுறை தலைமுறையாக நம்மோடு தமிழ் பேசி வாழ்ந்த அயலவர்கள், கையிலே அகப்பட்டதோடு புத்தளம் நோக்கிப் போனார்கள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று வாய் திறந்தவருக்கு என்ன நேரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அன்று பேசாதவர்களை நான் குற்றஞ்சாட்ட வரவில்லை. ஆயுதம் மௌனித்துப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் பேசாதிருப்பதற்கு என்ன சாட்டுச் சொல்லப்போகிறோம்?

இவையெல்லாம் பழங்கதை என்பாரும் உளர். 2018 ஆம் ஆண்டு தென்மராட்சி வரணியிலே ஒரு கோயில் தேரை மண்வாரும் இயந்திரம் இழுத்துச் சென்ற படம் பத்திரிகைகளில் வந்தது. எல்லோரும் வடம் பிடிக்க வந்துவிடுவார்களே என்பதனால் செய்த ஏற்பாடு என்று பலர் குற்றஞ்சாட்டினார்கள். இழுக்க ஆளில்லை என்று மறுமொழி சொல்லப்பட்டது. எது மெய்யாயினும், அந்தப் படத்தைப் பார்த்தவுடன் நம்மிலே ஒவ்வொருவருக்கும் முதலிலே தோன்றிய காரணம் எது என்பதை அவரவர் நெஞ்சு அறியும்.

பேசுவது என்றால் மேடையேறி முழங்குவது என்று வாலிபர்கள் நினைக்கவேண்டாம். முழக்கம் நம்மிடம் தேவைக்கு மேலாகவே இருக்கிறது. சங்கத்தின்முன் நான் வைப்பது சிறு யோசனை. நம் வட்டாரத்துக் கோயில்களுக்குச் சங்கத்தார் இருவர் இருவராகப் போய், சுவாமி காவுவோர் யார், அன்னதானப் பந்தியிலே எல்லோரும் ஒருங்கே இருக்கிறார்களா, நிருவாக சபையிலே எந்தெந்தக் குறிச்சியார் இடம்பெறுகிறார்கள் என்று மரியாதையாக விசாரித்து, கேட்டதையும் கண்டதையும் கூட்டாமல் குறையாமல் அடுத்த ஆண்டு மலரிலே வெளியிடலாம். வீட்டுக் குற்றத்தைச் சந்திக்குக் கொண்டுவருவதா என்று பெரியோர் சிலர் தடுப்பார்கள். அவர்களிடம் ஒன்றைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: தடுப்பதற்குமுன் பிள்ளைகளோடு ஒரு கோயிலுக்காவது நீங்களும் போய் வாருங்கள்.

இந்த வேலைக்கு முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் காரியதரிசியிடம் தம் பெயரைக் கொடுக்கலாம்.