உறக்கத்தில் மூச்சடைப்பு: மருந்தைச் சோதித்தறிவது எவ்வாறு?

(தோட்ட மக்களுக்கான நலவாழ்வுக் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



குறட்டையை நாம் நெடுங்காலமாக ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமென்றே எண்ணி வந்துள்ளோம். ஆயின், உரத்த குறட்டை திடீரென நின்று, சற்று நேரம் மூச்சே இல்லாதிருந்து, பின்னர் திணறலோடு மூச்சு மீளுமாயின், அது நல்லுறக்கமன்று. நோயின் அறிகுறியாக இருக்கலாம்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அத்தளர்ச்சியினால் நாக்கு பின்சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடுகிறது. இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை விழிப்புற்று மூச்சை மீட்கிறது. குறைந்தது 10 வினாடி நீடிக்கும் தடையை ஒரு தடவையெனக் கணக்கிடுவர். மணிக்கு 30 தடவையும் அதற்கு மேலும் ஏற்படுமாயின் அது கடுமையான நோயாகும். இந்நோயாளிகளுக்கு இரத்த அழுத்தம் உயரக்கூடும். பகலில் லோரியோ டிராக்டரோ ஓட்டுகையில் கண்ணயர்ந்துவிடும் ஆபத்தும் உண்டு.

மூக்கில் முகமூடி பொருத்திக் காற்றைச் செலுத்தி, மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும் முறையை, சிட்னி நகர மருத்துவர் காலின் சல்லிவனும் அவர்தம் குழுவினரும் 1981-இல் வெளியிட்டனர். இன்றும் அது சிறந்த சிகிச்சையே. எனினும், இரவுதோறும் முகமூடி அணிவதைப் பலரால் பொறுத்துக்கொள்ள இயலவில்லை. எனவேதான், 'இதற்கு ஒரு மாத்திரை இல்லையா?' என்னும் கேள்வி எழுந்தது.

மிர்ட்டசாப்பின் என்பது மனச்சோர்வுக்குரிய மருந்து. 2007-இல் அமெரிக்காவில் 12 நோயாளிகளிடம் அதனைச் சோதித்தபோது, மூச்சுத்தடை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நம்பிக்கை பிறந்தது. ஆனால், 2008-இல் வெளியான வேறு இரு சோதனைகளில் அந்நன்மை காணப்படவில்லை. மாறாக, உடல் எடை கூடியது. எடை கூடினால் இந்நோய் முற்றக்கூடும். மேலும் சோதியாமல் அம்மருந்தை ஊரெங்கும் வழங்கியிருந்தால் விளைவு என்னவாகியிருக்கும்?

மருந்தாய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு, 2013-இல் இந்நோய்க்கான 25 மருந்துகளைப் பற்றிய 30 சோதனைகளை ஆராய்ந்தது. அவற்றில் பங்குகொண்டோர் மொத்தம் 516 பேரே. சராசரியாக ஒரு சோதனைக்கு 17 பேர். எந்த மருந்தையும் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

அவ்வாறாயின், நேர்மையான சோதனை எது? பங்கேற்போரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்க வேண்டும். ஒரு பிரிவினருக்கு மருந்தும், மறு பிரிவினருக்கு அதே தோற்றமுடைய வெற்று மருந்தும் தர வேண்டும். எவருக்கு எது என்பதை நோயாளியும் அறியலாகாது, மருத்துவரும் அறியலாகாது. மூச்சுத்தடையைக் கருவிகொண்டு எண்ண வேண்டும். ஓர் இரவின் பலன் போதாது. பல மாதங்கள் கவனிக்க வேண்டும்.

2019-இல் அட்டாமாக்செட்டின், ஆக்சிபியூட்டினின் என்னும் இரு மருந்துகளை ஒருசேர, 20 பேரிடம், ஓர் இரவு சோதித்தனர். மூச்சுத்தடை மணிக்கு 28.5 என்பதிலிருந்து 7.5-க்கு இறங்கியது. அது நல்ல தொடக்கம், ஆனால் தொடக்கமே. 2024-இல் வெளியான டிர்செப்பட்டைட் ஊசிமருந்தின் சோதனைகளிலோ, உடற்பருமனுள்ள 469 நோயாளிகள் 52 வாரங்கள் பங்குகொண்டனர். முகமூடிக் கருவி பயன்படுத்தாத பிரிவினருள், மருந்து பெற்றோருக்கு மணிக்கு ஏறத்தாழ 25 தடவை குறைந்தது. வெற்று ஊசி பெற்றோருக்கும் 5 தடவை குறைந்தது என்பதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மருந்தின்றியும் குறையும் அந்த ஐந்தைக் கழித்த பின்னரே மருந்தின் உண்மைப் பலன் புலப்படும். அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அம்மருந்துக்கு ஒப்புதல் அளித்தது. அதுவும் உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான நோயுள்ள பெரியவர்களுக்கு மட்டுமே. குறட்டை விடுவோர் அனைவருக்கும் அன்று.

தோழர்களே! 'ஒரே இரவில் குறட்டை நிற்கும்' என்று எவரேனும் மாத்திரை விற்க வந்தால், 'எத்தனை பேரிடம் சோதித்தீர்கள்? எத்தனை மாதம்? வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டீர்களா?' என வினவுவோம். மதுவும் சிலவகைத் தூக்க மாத்திரைகளும் தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும் என்பதை மறவாதிருப்போம். கணவரின் மூச்சு இரவில் நின்று மீள்வதைக் காணும் தாய்மார்கள், அதனைத் தயங்காது மருத்துவரிடம் கூறுதல் வேண்டும்; உறங்குபவர் அதனை அறியார்.

மருந்துச் சோதனையில் பங்குகொள்ள நமக்கு அழைப்பு வருமாயின், அஞ்சவும் வேண்டா. கேளாமல் கையொப்பமிடவும் வேண்டா. நன்மை தீமைகளை விளக்கமாகக் கேட்டறிவதும், விரும்பாதபோது விலகிக்கொள்வதும் நமது உரிமை. அவ்வாறு முன்வந்தோரின் பொறுமையினால்தான், பயன் தரும் மருந்து எது, பயனற்றது எது என்று உலகம் அறிந்துகொண்டது.