சிரித்தவர்கள் எத்தனை பேர்?



வகுப்பில் ஒரு மாணவனைப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறான் ஒருவன். சிரிப்பவர்களோ முப்பது பேர். அந்தச் சிரிப்புதான் அவனுக்குத் துணிச்சல். சிரிப்பவர்களில் பலருக்கு இது உள்ளூரப் பிடிப்பதில்லை. ஆனாலும், 'மற்ற எல்லாருக்கும் இது சரியாகத்தான் படுகிறது போல' என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைத்துக்கொள்கிறது. அடுத்து நம் பெயரைச் சொல்லிவிடுவானோ என்ற பயம் வேறு.

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 2012-13 கல்வியாண்டில் 56 நடுநிலைப் பள்ளிகளில் உளவியல் பேராசிரியர் எலிசபெத் லெவி பாலக் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப் பள்ளிகளில் சில மாணவர்களை மட்டும் தேர்ந்து, இத்தகைய சீண்டலுக்கு எதிராக வெளிப்படையாக நிற்கச் சொன்னார்கள். எப்படி என்பதை மாணவர்களே முடிவு செய்தார்கள். அங்கே மாணவர் மோதல் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைகள் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைந்தன. மற்றவர்கள் விரும்பிப் பழகும் மாணவர்கள் முன்வந்த பள்ளிகளில் பலன் இன்னும் அதிகம். அவர்கள் யார் என்று ஆசிரியரைக் கேட்கவில்லை. 'யாரோடு பொழுதைக் கழிக்கிறாய்?' என்று மாணவர்களையே கேட்டுக் கண்டுகொண்டார்கள்.

யோவான் நற்செய்தி 8ஆம் அதிகாரத்தில், அந்தப் பெண்ணைச் சூழ்ந்து நின்ற கூட்டமும் ஒரேயடியாகக் கலையவில்லை. முதியவர்கள் முதலில் நகர்ந்தார்கள், பிறகே மற்றவர்கள்.

பள்ளிவிட்டு வரும் பிள்ளையிடம், "உன்னை யாராவது அடித்தார்களா?" என்று கேட்கிறோம். "இன்று வகுப்பு யாரைப் பார்த்துச் சிரித்தது? அப்போது நீ என்ன செய்தாய்?" என்று இன்றிரவு சாப்பிடும்போது கேட்போமா?